பத்து நாளில் நின்றுபோகும் மாலை வாசிப்பு

நீங்கள் கேட்டிருப்பது ஒரு புத்தகப் பட்டியல். காட்பாடியில் வீடு, உங்களுக்கு 58 வயது, வீட்டம்மாவுக்கு 53, பிள்ளைகள் இருவரும் வெளியூரில். சாயங்காலம் முழுக்க டிவியும் போனுமாகக் கழிகிறது. அதை விட்டுவிட்டு இருவரும் நல்ல புத்தகமாக எடுத்துப் படிக்கலாம் என்று இரண்டு தடவை ஆரம்பித்தும் பத்து நாளுக்கு மேல் ஓடவில்லை. அவர் ஐந்து பக்கத்தில் தூங்கிவிடுகிறார், உங்களுக்குக் கண் வலிக்கிறது, அவர் எட்டாவது வரைதான் படித்தவர் என்பதால் வேகமும் ஒத்துவரவில்லை, எந்தப் புத்தகம் வாங்கினால் இது நிலைக்கும் என்கிறீர்கள். இதில் புத்தகத்தைப் பற்றிய கேள்வி கடைசி வரி மட்டும்தான். மற்றதெல்லாம் நேரம், வெளிச்சம், கண்ணாடி, படிக்கும் முறை. அவற்றைச் சரிசெய்யாமல் என்ன வாங்கினாலும் பதினோராம் நாள் அது அலமாரிக்குப் போய்விடும். நூலக அறிவியல் படித்துப் பொது நூலகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் புத்தகம், அச்சு, வெளிச்சம், வாசிப்பு முறை இவற்றைப் பற்றி உறுதியாகவே சொல்ல முடியும். கண் நோயும் கணவன் மனைவி உறவும் என் துறை அல்ல. அந்த இடங்களில் பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நேரம். வீட்டம்மா தூங்கிவிடுவதற்குப் புத்தகத்தின் மேல் பழி போட வேண்டாம். காலை ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்ததில் ஆரம்பித்து நாள் முழுக்க ஓடியவர், ராத்திரி ஒன்பதரைக்குக் கடைசிப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வயிறும் நிறைந்த நிலையில் வந்து உட்கார்ந்தால் தூக்கம் வரத்தான் செய்யும். ஆறு மணியிலிருந்து எட்டரை வரை உங்களுக்கு ஓய்வான மாலை. நம் வீடுகளில் பெரும்பாலான பெண்களுக்கு அது இரண்டாவது ஷிப்டு. படிக்க ஏற்ற நேரம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால்தான். அந்த நேரம் அவருக்குக் கிடைக்க வேண்டுமானால் அடுப்படி வேலையில் பாதி உங்கள் கைக்கு வர வேண்டும். ஐந்தரை மணிக்கு நீங்கள் வெங்காயம் தக்காளி நறுக்கிக் கொடுத்து, அவர் தாளித்து, ஆறேகாலுக்குள் சட்னியோ குழம்போ செய்து மூடி வைத்துவிட்டால் எட்டு மணிக்கு மேல் தோசை ஊற்றுவது மட்டும்தான் மீதி. விளக்கேற்றி முடித்து, ஏழிலிருந்து ஏழே முக்கால் வரை இருவர் கையும் ஓய்ந்திருக்கும். இந்த 45 நிமிடம் தாராளம். இரண்டு மணி நேரம் என்று திட்டம் போடுகிறவர்கள்தான் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள். வாரம் ஏழு நாளும் வேண்டாம், ஐந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஆசையாகப் பார்க்கும் சீரியல் ஏழு மணிக்கு என்றால் அதைப் பிடுங்காதீர்கள், படிப்பை நகர்த்துங்கள். பிடித்ததைப் பறித்துவிட்டு நீட்டுகிற புத்தகத்தை யாரும் மனதாரத் தொடமாட்டார்கள். என் கருத்தில் உங்கள் பத்து நாள் கணக்கில் பாதிக் காரணம் இந்த ஒரு பத்தியில் இருக்கிறது.

போன் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சைலண்டில் போட்டுப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் கை தானாக அதைத் தேடும். பக்கத்து அறையில் வையுங்கள், ஆனால் மணி அடிக்கும்படி வையுங்கள். வெளியூர்ப் பிள்ளைகளும் ஊரிலிருக்கும் பெரியவர்களும் அவசரத்துக்குக் கூப்பிடும்போது கேட்க வேண்டும். பிள்ளைகளிடம் எட்டு மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நம் பக்கத்து வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். சுற்றிலும் பாறை மலை, மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி ஒன்பது, பத்து மணி வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால் சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் ஏழு மணிக்குப் படிக்க உட்கார்ந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். தரைத்தளத்து அறை, அல்லது மேற்கு வெயில் படாத வராண்டா நல்லது. மொட்டை மாடிதான் வேண்டும் என்றால் ஆறு மணிக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு ஏழரைக்கு மேல் போங்கள், கிளிப் மாட்டிய சின்ன விளக்கு ஒன்று கையில் இருக்கட்டும். கத்திரி நாட்களில் மாலையை விட்டுவிட்டு விடியற்காலை ஐந்தரைக்கு மாற்றிக்கொண்டாலும் தப்பில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மாலைகளில் ஈசல் விளக்கைச் சூழும். அன்று ஜன்னலைச் சாத்தி, வெளி விளக்கை மட்டும் பத்து நிமிடம் எரியவிட்டு உள் விளக்கை அணைத்து வைத்தால் கூட்டம் வெளியிலேயே நின்றுவிடும். கொசுவுக்கு ஜன்னல் வலையும் ஓடுகிற மின்விசிறியும் போதும், கொசு நல்ல காற்றில் பறக்கத் திணறும். மூடிய அறையில் கொசுவத்தி கொளுத்தி அந்தப் புகைக்குள் ஒரு மணி நேரம் உட்காருவது நல்லதல்ல.

இனி வெளிச்சம். கண் வலிக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். நம் ஹால்களில் ஒரே ஒரு டியூப்லைட் சுவரில் உயரத்தில் இருக்கும். பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி அறையில் ஒரு 20 வாட் எல்இடி டியூப் மட்டும் எரிந்தால், சோபாவில் உட்கார்ந்திருப்பவர் கையிலிருக்கும் பக்கத்தில் விழுவது ஏறக்குறைய 100 லக்ஸ் (லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). நடமாட அது போதும். படிக்க 300 முதல் 500 லக்ஸ் வேண்டும். வயதானால் இன்னும் கூடுதலாக வேண்டும். கண்மணி சுருங்குவதாலும் லென்ஸ் மஞ்சளாவதாலும் அறுபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குள் போவதில் மூன்றில் ஒரு பங்குதான். கல்லூரி நாளில் தெருவிளக்கில் படித்தேனே என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். ஆளுக்கொரு மேசை விளக்கு வாங்குங்கள். உள்ளே 9 வாட் எல்இடி பல்பு, மேலே வெளிச்சம் ஊடுருவாத மூடி. பல்பு பக்கத்திலிருந்து இரண்டடி தூரத்தில் இருந்தால் கிட்டத்தட்ட 400 லக்ஸ் விழும். அதே விளக்கை நான்கடிக்குத் தள்ளினால் பாதியாகக் குறையாது, நான்கில் ஒரு பங்காகிவிடும், மறுபடியும் 100தான். விலை கூடின விளக்கு வாங்குவதைவிட இருக்கும் விளக்கை ஓரடி கிட்டே இழுப்பது அதிகப் பலன் தரும். மூடியின் கீழ் விளிம்பு கண் மட்டத்தில் இருந்தால் பல்பு நேராகக் கண்ணில் அடிக்காது. தோளுக்குப் பின்னாலிருந்து பக்கவாட்டில் வெளிச்சம் வரட்டும். முன்னாலிருந்து வந்தால் வழவழப்பான தாள் பளபளத்து எழுத்தை மறைக்கும். வார்ம் ஒயிட் என்று போட்டிருக்கும் 3000 கெல்வின் பல்பு மாலைக்கு இதமாக இருக்கும். ஹால் டியூப்பையும் முழுக்க அணைத்துவிடாதீர்கள். பக்கம் மட்டும் வெளிச்சமாகவும் அறை கும்மிருட்டாகவும் இருந்தால் நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கண் சிரமப்படும்.

இன்னொரு விஷயம் பலருடைய வீட்டில் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. டியூப்லைட்டோ பல்போ மின்விசிறி இறக்கையைவிட உயரத்தில் இருந்து, நீங்கள் விசிறிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால், சுற்றும் இறக்கையின் நிழல் பக்கத்தின் மேல் விடாமல் வெட்டிக்கொண்டே இருக்கும். வேகம் அதிகம் என்பதால் நிழல் தனியாகத் தெரியாது, ஆனால் எழுத்து லேசாகத் துடிக்கும். அரை மணியில் நெற்றிப்பொட்டு கனக்கும். இன்று ராத்திரியே சோதித்துப் பாருங்கள். புத்தகத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டு விசிறியை மிகக் குறைந்த வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். நிழல் பக்கத்தைக் கடப்பது கண்ணுக்குத் தெரிந்தால் நாற்காலியை மாற்றிப் போட வேண்டும். விசிறிக் காற்று நேராக முகத்தில் அடிப்பதும் கூடாது. படிக்கும்போது நாம் கண் சிமிட்டுவதே குறைந்துவிடும், அதோடு காற்றும் அடித்தால் கண் வறண்டு மணல் விழுந்த மாதிரி உறுத்தும். காற்று கால் பக்கம் படுகிற மாதிரி உட்காருங்கள்.

கண்ணாடி விஷயத்தில் இவ்வளவு சொல்லலாம். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும், அறுபது வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும். மூன்று வருடத்துக்கு முன் போட்ட கண்ணாடி என்றால் அந்தப் பவர் இன்று போதாமலிருக்க நிறைய வாய்ப்பு. ஒருவர் கண்ணாடியை இன்னொருவர் மாட்டிக்கொண்டு படிப்பது நம் வீடுகளில் சகஜம், அதை நிறுத்துங்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் போட்ட கண்ணாடியில் கீழ்ப்பாதி வழியாகத்தான் படிக்க முடியும், சாய்ந்து கொண்டும் படுத்துக்கொண்டும் படித்தால் கழுத்தைத் தூக்கித் தூக்கி வலி வரும். படிப்பதற்கென்றே முழு லென்ஸும் ஒரே பவரில் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்வது சுகம். சர்க்கரை உள்ளவராக இருந்தால், சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வைப் பவரும் கூடவே மாறும். அது கட்டுக்குள் வந்த பிறகு பரிசோதித்துக் கண்ணாடி வாங்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதமே ஒத்துவராது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து இருபதடிக்கு அப்பால் எதையாவது இருபது விநாடி பாருங்கள். ஹாலுக்குள் அவ்வளவு தூரம் கிடைக்காது, ஜன்னல் வழியாகத் தெருக்கோடியைப் பார்த்தால் போதும். இதையெல்லாம் செய்தும் இரண்டு வாரத்தில் வலி குறையவில்லை என்றால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிந்தாலோ, திடீரென்று பார்வை மங்கினாலோ, கண் வலியோடு வாந்தி வந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும், கண்ணின் அழுத்தம் ஏறியிருக்கலாம்.

இனி படிக்கும் முறை. இருவர் வேகம் ஒத்துவரவில்லை என்கிறீர்கள். ஒரே புத்தகத்தை இருவரும் மௌனமாகப் படிக்க நினைத்தால் ஒத்துவராது. ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர் கேட்டால் வேகம் என்ற பிரச்சினையே எழாது. தமிழ் உரைநடையைப் பதறாமல் வாய்விட்டுப் படித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல் போகும். சாதாரண நாவலின் ஒரு பக்கத்தில் 220, 250 சொல் இருக்கும். ஆகவே பக்கத்துக்கு இரண்டரை நிமிடம், அரை மணிக்கு 12 பக்கம். 200 பக்க நாவல் 17 மாலையில் முடியும். உங்கள் வேகத்தைக் கடிகாரம் வைத்து ஒருநாள் பார்த்துக்கொள்ளுங்கள், நாவலைத் தேர்ந்தெடுக்க இந்தக் கணக்கு உதவும். பழக்கமில்லாத தொண்டை இருபது நிமிடத்தில் கம்மும். பக்கத்தில் வெதுவெதுப்பான சீரகத் தண்ணீர் இருக்கட்டும், கம்முவதற்கு முன்பே ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். கேட்பவருக்கு விளக்கும் தேவையில்லை, கண்ணாடியும் தேவையில்லை, கையும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பூ கட்டலாம், முருங்கைக்கீரை ஆயலாம், காய்ந்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரிக்கலாம். கை வேலை இருந்தால் தூக்கம் வராது என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

அவர் வாய்விட்டுப் படிக்கக் கூச்சப்படக்கூடும். எட்டாவதோடு நின்றவர்கள், வீட்டில் தெலுங்கோ உருதோ பேசிப் பள்ளியில் மட்டும் தமிழ் எழுதப் பழகியவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. அவர்கள் தடுமாறுவது அறிவுக் குறைவால் இல்லை, பழக்கம் விட்டுப்போனதால். முதல் இரண்டு வாரம் நீங்களே படியுங்கள். பிறகு உரையாடல் அதிகமுள்ள ஒரு பகுதியில் பெண் பாத்திரம் பேசுவதை மட்டும் அவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் ழகரத்தைத் தவறவிட்டாலோ ஒரு சொல்லை மாற்றிச் சொன்னாலோ திருத்தாதீர்கள். ஒரே ஒரு தடவை திருத்தினாலும் மறுநாள் தலைவலி என்பார், அதற்கு மறுநாள் வேலை இருக்கிறது என்பார். ஒவ்வொரு பத்திக்கும் "புரிஞ்சுதா?" என்று கேட்பதும் அதே விளைவைத் தரும். அவருக்குப் புரியாதது இருந்தால் அவரே நிறுத்திக் கேட்பார், கேட்கும்போது உங்களுக்குத் தெரியாவிட்டால் எனக்கும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அகராதியைப் புரட்டுங்கள். வீட்டில் ஒரு தமிழ் அகராதி அவசியம் வேண்டும். திருத்தாமல் இருப்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஆசிரியர், மாணவி என்று ஆகிவிட்ட மாலையை எந்த நல்ல புத்தகத்தாலும் காப்பாற்ற முடியாது.

கடைசியாக நீங்கள் கேட்ட புத்தகங்களுக்கு வருகிறேன். முதல் பத்து மாலைக்கு நாவல் வேண்டாம், சிறுகதைத் தொகுப்பு ஒன்று எடுங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு பக்கக் கதை அன்றைக்கே முடிந்துவிடும், பிடிக்காவிட்டாலும் நாளைக்கு வேறு கதை. சத்தமாகப் படிக்க வாக்கியம் குட்டையாக உள்ள நடை நல்லது. ஒன்றரைப் பத்திக்கு நீளும் வாக்கியங்கள் மௌனமாகப் படிக்க எவ்வளவு அழகாக இருந்தாலும் வாயில் சிக்கும். கரிசல், நாஞ்சில், கொங்கு வட்டார வழக்கில் எழுதிய கதைகளை இரண்டாவது மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சை அந்த ஊர்க்காரர் மாதிரி பேசிக் காட்ட முயல வேண்டாம். நம் வடார்க்காட்டு வாயிலேயே நிதானமாகப் படித்தாலும் கதை கெடாது.

அடுத்து ஒரு நாவல். நம் பக்கத்து மனிதரிடமிருந்து தொடங்கலாம் என்பேன். வாலாஜாவை அடுத்த வேலம் கிராமத்துக் குடும்பத்தில் 1912-இல் பிறந்தவர் மு. வரதராசன். அவருடைய ‘அகல் விளக்கு’ 1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வாலாஜாப்பேட்டை அந்தக் கதைக்குள்ளேயே வருகிறது. வாக்கியங்கள் குட்டை, சொற்கள் எளிமை, வடமொழி கலப்பு குறைவு. வாய்விட்டுப் படிக்க இவ்வளவு இசைவான நடை அரிது. அறிவுரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், இன்றைய வாசகர் சிலருக்கு அது சலிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலரும் முதலிலேயே ‘பொன்னியின் செல்வ’னைத் தூக்குகிறார்கள். 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது என்பதால் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு திருப்பத்தில் நிற்கும். ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம் என்று படிக்க அதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. ஆனால் ஐந்து பாகமும் சேர்த்து 293 அத்தியாயம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். மூன்று மாதம் பழகிய பிறகு தொடங்குங்கள். நம் அரக்கோணத்துக்குப் பக்கத்துத் தக்கோலத்தில் 949-இல் நடந்த பெரும்போர் அந்தக் கதையில் பேசப்படும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அந்த ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கணவனும் மனைவியுமாகப் படிக்க நான் மனதாரப் பரிந்துரைப்பது திருக்குறளின் காமத்துப்பால். பள்ளியில் அதைத் தொடாமல் விட்டதால் நம்மில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் போனதே இல்லை. 109 முதல் 133 வரை 25 அதிகாரம், களவியலில் 7, கற்பியலில் 18. அதிகாரத்துக்குப் பத்துக் குறள், உரையோடு படிக்கக் கால் மணி நேரம். 25 மாலையில் முடிந்துவிடும். இவை பெரும்பாலும் யாரோ ஒருவர் பேசுகிற பேச்சாக அமைந்தவை. தலைவன் பேசுவதை நீங்களும், தலைவி பேசுவதையும் தோழியிடம் சொல்வதையும் அவரும் படியுங்கள். ஊடலைப் பற்றிய அதிகாரங்களுக்கு வரும்போது, முப்பது வருடம் குடித்தனம் நடத்திய இருவருக்குப் பேச நிறைய இருக்கும். உரை ஒரு குறளுக்கு ஒன்றிரண்டு வரியில் முடிகிற தெளிவுரையாக இருக்கட்டும், விரிவுரையைப் பிறகு பார்க்கலாம். அது பிடித்துவிட்டால் அடுத்து குறுந்தொகை. நான்கிலிருந்து எட்டு அடிக்குள் முடியும் பாட்டுகள், யார் யாரிடம் சொல்வது என்ற குறிப்பும் கூடவே இருக்கும். சொற்பிரித்து அச்சிட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். உ.வே.சா. 1937-இல் பதிப்பித்ததன் உரை ஆழமானது, ஆனால் முதல் வாசிப்புக்கு இன்றைய எளிய உரையே போதும். ஒரு மாலைக்கு ஒரு பாட்டு, அதற்கு மேல் வேண்டாம்.

எல்லா மாலையும் ஒரே புத்தகம் என்று இருக்க வேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. வீட்டுக்கும் அது பொருந்தும். வாரத்தில் மூன்று நாள் பொதுப் புத்தகம், இரண்டு நாள் அவரவர் புத்தகம் என்று பிரியுங்கள். அவர் சமையல் குறிப்போ, பக்திப் புத்தகமோ, குடும்ப நாவலோ எடுத்தால் அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல வேண்டாம். மௌனமாகப் படிக்கும் நாளில், ரசித்த வரியை "இதைக் கேளேன்" என்று உடனே உடனே சொன்னால் மற்றவரின் ஓட்டம் அறுந்துபோகும். பக்கத்தில் ஒரு காகிதத் துண்டு வைத்துக்கொண்டு கடைசி ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள். பொதுப் புத்தகத்தைத் திருட்டுத்தனமாக முன்னால் போய்ப் படித்துவிடக் கூடாது. மூன்று மாலைக்குப் பிறகும் ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால் காரணம் கேட்காமல் அதை மூடிவிட வேண்டும். மனைவியைத் திருத்தவோ கணவனுக்குப் பாடம் சொல்லவோ தேர்ந்தெடுத்த சுயமுன்னேற்றப் புத்தகம் மட்டும் இந்த நேரத்துக்குள் வரவே கூடாது.

சேர்ந்து படித்தால் குடும்பத்தில் ஒற்றுமை கூடுமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. பேசுவதற்குப் பிள்ளைகள், கரண்ட் பில், உறவுக்காரர் வீட்டு விசேஷம் தவிர வேறு விஷயமும் கிடைக்கும் என்பது மட்டும் நிச்சயம். மனத்தாங்கல் இருக்கும் வீட்டில் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வது பேசாமலிருக்க ஒரு வழியாகவும் ஆகிவிடலாம். அப்படித் தோன்றினால் அன்றைக்குப் புத்தகத்தை வைத்துவிட்டுப் பேசுவதுதான் சரி.

வாங்கும்போதும் வைத்துக்கொள்ளும்போதும் கவனிக்க வேண்டியவை சில. கடையில் புத்தகத்தை நடுவில் திறந்து, முழங்கைக்கும் விரல் முட்டிக்கும் உள்ள தூரத்தில் பிடித்து ஐந்து வரி படியுங்கள். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி பளிச்சென்று தெரியவில்லை என்றால், ர-வும் கால் எழுத்தும் ஒன்றுபோலத் தெரிந்தால், அந்தப் பதிப்பு உங்களுக்கு ஆகாது. மலிவுப் பதிப்பு என்று வாங்கினால் கண்தான் விலை கொடுக்கும். பசையால் ஒட்டிய பேப்பர்பேக் நம் ஊர்ச் சூட்டில் பசை காய்ந்து முதுகு பிளந்துகொள்ளும். புதிதாக வாங்கியதும் முதுகை மேசையில் நிறுத்தி, முன் அட்டையையும் பின் அட்டையையும் மெதுவாகக் கீழே சாய்த்து, முன்னாலிருந்து பத்துத் தாள், பின்னாலிருந்து பத்துத் தாள் என்று மாற்றி மாற்றி அழுத்தி நடுவரை வாருங்கள். ஒரேயடியாக நடுவில் பிளந்தால் அந்த இடத்திலேயே தாள் கழன்றுவிடும். இரண்டு பேர் கைமாறிப் படிக்கும் புத்தகத்துக்கு இந்த இரண்டு நிமிட வேலை பல வருட ஆயுள் தரும். படிக்கும்போது எண்ணெய்ப் பலகாரமும் மக்கன் பேடாவும் மேசைக்கு வர வேண்டாம். பாகும் எண்ணெயும் பட்ட பக்கத்தைப் பூச்சிகள் தேடி வரும். அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். மாதம் ஒருமுறை புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டிக் காற்றாட வைத்தால் பூச்சி தங்காது. காய்ந்த வேப்பிலை, வசம்பு வைப்பது பழைய வழக்கம், வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பிச் சுத்தம் செய்யாமல் விட்டுவிடக் கூடாது.

எதையும் வாங்குவதற்கு முன் நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். இந்தப் பகுதிக்கான பொது நூலகச் சட்டம் 1948-இல் வந்தது, சுதந்திர இந்தியாவில் முதலாவது அதுதான். நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. காசு கொடுத்துவிட்டுப் பயன்படுத்தாமல் இருக்க வேண்டாம். இருவர் பெயரிலும் தனித்தனியாக உறுப்பினர் அட்டை எடுங்கள், அவரவர் புத்தகத்தை அவரவரே அலமாரியில் தேடி எடுக்கட்டும். அவரை அழைத்துப் போகாமல் நீங்கள் மட்டும் போய் இருவருக்கும் எடுத்து வந்தால் மறுபடியும் உங்கள் விருப்பம்தான் வீட்டுக்கு வரும்.

நடுவில் ஆடிக் கிருத்திகை, கல்யாணம், பேரன் வருகை என்று ஒரு வாரம் விட்டுப்போகும். விட்டுப்போன பக்கங்களை ஒரே ராத்திரியில் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். கடைசியாகப் படித்த இரண்டு பக்கத்தை மறுபடி வாய்விட்டுப் படித்துவிட்டு மேலே போனால் கதை பிடிபட்டுவிடும். இடைவெளி மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டால் நாவலை ஓரமாக வைத்து, இரண்டு நாள், மாலைக்கு ஒரு சிறுகதை வீதம் படித்துவிட்டு அப்புறம் அதற்குத் திரும்புங்கள்.